அன்னை உம்மு ஸலமா (ரலி): பிரிவும் ஆறுதலும்

மக்ஸூம் குலத்து ஹிந்த், கணவர் அபூஸலமா (ரலி) அவர்களுடன் அபீஸீனியாவுக்கு ஹிஜ்ரத் செய்தவர். அடுத்து மதீனாவுக்குப் புறப்பட்டபோது பிறந்த வீட்டார் அவரைத் தடுத்து வைத்தனர். கணவர் வீட்டார் பிள்ளையைப் பறித்துச் சென்றனர். ஏறத்தாழ ஓராண்டு, தினமும் அப்தஹ் வெளியில் அமர்ந்து மாலைவரை அழுதார்கள். உறவினர் ஒருவர் மனமிரங்கிய பிறகே வழி பிறந்தது. அன்று இஸ்லாத்தை ஏற்றிராத உஸ்மான் இப்னு தல்ஹா, ஒட்டகத்தை நடத்தி குபா வரை கண்ணியத்தோடு கொண்டு சேர்த்தார்.

மீண்டும் சேர்ந்து வாழ்ந்தது சில ஆண்டுகளே. உஹதில் பட்ட காயம் ஆறியதுபோல் இருந்து மறுபடி வெடித்து, ஹிஜ்ரி 4-இல் அபூஸலமா (ரலி) வஃபாத்தானார்கள். நபி (ஸல்) அவர்கள் வந்து, திறந்திருந்த கண்களை மூடி, மய்யித்துக்காகவும் குடும்பத்துக்காகவும் துஆ செய்தார்கள்.

இழந்ததைவிடச் சிறந்ததைக் கேட்கும் துஆவை உம்மு ஸலமா (ரலி) ஓதினார்கள். ஆனால் அபூஸலமாவைவிடச் சிறந்தவர் யார் என்றது உள்ளம். இதை அவர்களே பின்னாளில் மறைக்காமல் அறிவித்துள்ளார்கள். கணவரை இழந்த எந்தப் பெண்ணுக்கும் இது புரியும்.

இத்தாவுக்குப் பின் அபூபக்ர் (ரலி) பெண் கேட்டார்கள், இணங்கவில்லை. நபி (ஸல்) அவர்கள் கேட்டபோதும் தயங்கி, தம் ரோஷ குணத்தையும் வயதையும் பிள்ளைகளையும் எடுத்துச் சொன்னார்கள். ரோஷம் நீங்க துஆ செய்வதாகவும், வயது தமக்கும் ஆகிவிட்டதென்றும், பிள்ளைகள் இனி தம் பிள்ளைகளே என்றும் பதில் வந்தது.

அப்பிள்ளைகளில் ஒருவர்தான் உமர். சாப்பாட்டுத் தட்டில் அங்குமிங்கும் கைநீட்டிய அச்சிறுவருக்குத்தான், பிஸ்மில்லாஹ் சொல்லி, வலக்கையால், தமக்கு அருகிலிருப்பதை உண்ணும்படி நபி (ஸல்) அவர்கள் கற்றுக்கொடுத்தார்கள்.