பசித்தோருக்காகப் பாடிய ஹாரி சேப்பின்

பாடிப் புகழ் பெற்றோர் பலர். பாட்டினால் பெரும்பொருள் ஈட்டியோரும் பலர். ஆனால் தம் கச்சேரிகளில் ஏறக்குறையப் பாதியைப் பிறர் நலனுக்கென்றே ஒதுக்கி வைத்தவர்கள் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் அமெரிக்க ராக் இசைப் பாடகரும் பாடலாசிரியருமான ஹாரி சேப்பின். முப்பத்தெட்டே ஆண்டுகள் வாழ்ந்து மறைந்த அவரது வரலாற்றைச் சற்றே காண்போம்.

பிறப்பும் இளமையும்

ஹாரி 1942-ஆம் ஆண்டு டிசம்பர் 7-ஆம் நாள் நியூயார்க் நகரில் பிறந்தார். கலையும் கல்வியும் செழித்த குடும்பம் அது. தந்தை ஜிம் சேப்பின் ஜாஸ் இசைக்குழுக்களில் டிரம் வாசித்தவர். டிரம் பயில்வோருக்குப் புகழ்பெற்ற பாடநூலையும் எழுதியவர். தந்தைவழிப் பாட்டனார் ஓவியர். தாய்வழிப் பாட்டனார் கென்னத் பர்க் பெயர் பெற்ற இலக்கிய அறிஞர்.

தந்தையார் இசைக்குழுக்களோடு ஊர் ஊராகச் சென்றமையால் வீட்டில் இருந்த நாட்கள் குறைவு. ஹாரி சிறுவனாயிருந்தபோதே பெற்றோர் பிரிந்தனர். பிள்ளைகள் தாயாரிடம் வளர்ந்தனர். ஹாரியின் தம்பியர் டாம், ஸ்டீவ் ஆகியோர் புரூக்ளினில் உள்ள ஆலயப் பாடகர் குழுவில் பாடினார்கள். அக்குழுவில் உடன் பாடிய ஜான் வாலஸ் என்ற சிறுவன் பிற்காலத்தில் ஹாரியின் இசைக்குழுவிலும் இடம்பெற்றார். முதலில் டிரம்பெட் கற்ற ஹாரி, பின்னர் கிதாரை எடுத்துக்கொண்டார்.

அவருடைய இளமை ஒரே நேர்கோட்டில் செல்லவில்லை. விமானப்படைக் கல்லூரியில் சேர்ந்து விரைவில் விலகினார். கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்தார். பட்டம் பெறாமலே வெளியேறினார். பிறகு ஆவணப்படத் துறையில் நுழைந்தார். குத்துச்சண்டை வீரர்களைப் பற்றி 1968-இல் அவர் எடுத்த படம் ஆஸ்கார் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. ஆயினும் மனம் இசையையே நாடியது.

அவரிடம் கிதார் கற்க விரும்பிய சாண்டி என்ற பெண்மணியை 1968-இல் மணந்தார். சாண்டிக்கு முந்தைய திருமணத்தில் மூன்று குழந்தைகள் இருந்தனர். மேலும் இரு குழந்தைகள் பிறக்க, ஐவரும் ஒரே குடும்பமாக வளர்ந்தனர்.

இசையுலகில்

1971-ஆம் ஆண்டு ஹாரி ஒரு சிறு குழுவைச் சேர்த்து, நியூயார்க்கின் வில்லேஜ் கேட் அரங்கில் பாடத் தொடங்கினார். ராக் குழுக்களில் அரிதான செல்லோ என்னும் பெரிய தந்திக் கருவியும் அதில் ஒலித்தது. மறு ஆண்டே அவருடைய முதல் இசைத்தட்டு வெளிவந்தது. அதிலுள்ள ‘டாக்ஸி’ என்ற பாட்டு, மழை இரவில் வண்டி ஓட்டும் ஒருவன் தன் பழைய காதலியைப் பயணியாகச் சந்திக்கும் கதை. மூன்று நிமிடப் பாடல்களையே வானொலிகள் விரும்பிய காலத்தில் அது ஆறு நிமிடத்திற்கும் மேல் நீண்டது. எனினும் மக்கள் விரும்பிக் கேட்டார்கள்.

அவர் பாடல்களில் பெரும்பாலானவை சிறுகதைகளே. எளிய மனிதர்களின் ஏமாற்றங்களும் ஏக்கங்களும் அவற்றில் பேசின. விமரிசகர் பலர் அவை நீளமானவை என்றும், உணர்ச்சி மிகுந்தவை என்றும் குறை கூறினர். அவர் தம் வழியை மாற்றிக்கொள்ளவில்லை.

1974-இல் வெளிவந்த ‘கேட்ஸ் இன் த க்ரேடில்’ என்ற பாட்டு அமெரிக்காவில் முதலிடம் பெற்றது. இதன் கரு, மனைவி சாண்டி எழுதிய ஒரு கவிதை. தோழியரே, உலகமே பாடிய அந்தப் பாட்டு ஒரு பெண்ணின் பேனாவில் பிறந்தது என்பதை நாம் மறக்கலாகாது! மகனோடு விளையாட நேரமில்லாத தந்தை ஒருவர். அப்பாவைப் போலவே ஆவேன் என்கிறான் மகன். ஆண்டுகள் ஓடுகின்றன. முதுமையில் தந்தை மகனைக் காண ஏங்குகிறார். இப்போது மகனுக்கு நேரமில்லை. தாம் ஊர் ஊராகப் பாடித் திரிவதையும், வீட்டில் சிறு மகன் வளர்வதையும் எண்ணி, இப்பாட்டு தம்மை அச்சுறுத்துகிறது என்று ஹாரியே ஒப்புக்கொண்டதுண்டு.

பசி ஏன்?

புகழின் உச்சியில் நின்ற அவ்வேளையில்தான் அவர் வாழ்வு வேறு திசையில் திரும்பியது. பில் ஏயர்ஸ் என்பவர் அப்போது கத்தோலிக்கக் குருவாகப் பணியாற்றியவர். வானொலி நிகழ்ச்சியும் நடத்தி வந்தார். அதற்காக ஹாரியைப் பேட்டி கண்டவர், அவருடைய நண்பரானார். உலகில் இத்தனை பேர் பசியால் வாடுவதைப் பற்றி இருவரும் அடிக்கடி உரையாடினார்கள். பெரிய கச்சேரி ஒன்றை நடத்திப் பணம் திரட்டினால் பசி தீருமா? தீராது என்று இருவரும் உணர்ந்தனர். இன்று ஊட்டினால் நாளை மீண்டும் பசிக்கும். பசி ஏன் வருகிறது என்று கேட்க வேண்டும். வறுமையின் வேரைத் தேட வேண்டும்.

இந்த எண்ணத்தில் 1975-இல் இருவரும் ‘வேர்ல்ட் ஹங்கர் இயர்’ என்ற அமைப்பைத் தொடங்கினர். அதன் முதலெழுத்துக்களைச் சேர்த்துப் படித்தால் ‘ஏன்’ எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல் வரும்! வானொலியில் 24 மணி நேரம் இடைவிடாது பசியைப் பற்றிய நிகழ்ச்சிகளை நடத்தி மக்களைச் சிந்திக்க வைத்தனர்.

ஆண்டுக்கு ஏறத்தாழ 200 கச்சேரிகள் செய்தார் ஹாரி. அவற்றில் ஏறக்குறையப் பாதி அறப்பணிக்கென்று நடந்தவை. கச்சேரி முடிந்ததும் அரங்கின் வாயிலில் நின்று, தம் கவிதை நூலையும் சட்டைகளையும் விற்று, கையொப்பமிட்டு, அப்பணத்தையும் பசிப்பிணி ஒழிப்புக்கே சேர்த்தார்.

அரசின் கதவையும் அவர் தட்டினார். செனட் உறுப்பினர் பாட்ரிக் லேஹி முதலியோரின் துணையோடு தலைநகர் வாஷிங்டனில் உறுப்பினர்களை ஒவ்வொருவராகச் சந்தித்துப் பேசினார். பயனாக, 1978-இல் குடியரசுத் தலைவர் கார்ட்டர் உலகப் பசி பற்றிய ஆணையம் ஒன்றை அமைத்து, ஹாரியையும் உறுப்பினராக்கினார். பசியின் வேர் வறுமையே என்று அவ்வாணையம் 1980-இல் அறிக்கை தந்தது. பரிந்துரைகள் பலவும் நிறைவேறவில்லை. ஹாரி சோர்ந்துவிடவில்லை. செல்வர்கள் வாழும் இடமென்று பெயர் பெற்ற லாங் ஐலண்டில் தம் வீட்டருகிலேயே பசித்தோர் இருப்பதைக் கண்டு, அதே ஆண்டு அங்கே உணவு வங்கி ஒன்றை நிறுவினார்.

எதிர்பாரா முடிவு

1981 ஜூலை 16. அன்று மாலை லாங் ஐலண்டின் ஐசனோவர் பூங்காவில் ஹாரியின் இலவசக் கச்சேரி நடக்கவிருந்தது. நண்பகல் வேளையில் நெடுஞ்சாலையில் அவர் ஓட்டிச் சென்ற சிறு காரின்மேல் பின்னால் வந்த லாரி மோதியது. ஹாரி உயிர் நீத்தார். கேட்கக் காத்திருந்தோருக்குப் பாட்டுக்குப் பதில் துயரச் செய்தியே கிடைத்தது. அந்தப் பூங்காவின் ஏரிக்கரை அரங்கம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

1987 டிசம்பர் 7, அவருடைய 45-ஆவது பிறந்தநாள். அன்று நியூயார்க்கின் கார்னகி அரங்கில் அவர் நினைவாக அமெரிக்க நாடாளுமன்றத்தின் தங்கப் பதக்கம் வழங்கப்பட்டது. அவர் தொடங்கிய இரு அமைப்புகளும் அவருக்குப் பின்னும் பணியைத் தொடர்கின்றன.

நாம் கற்பது

ஹாரியின் வாழ்வு நமக்கு இரண்டு பாடங்களைத் தருகிறது. தாம் அஞ்சிய அந்தப் பாட்டின் தந்தையைப் போலவே அவரும் பல இரவுகள் வீட்டை விட்டு விலகியிருந்தார். ஊராருக்குச் சோறு தேடிய தந்தைக்காக அவர் பிள்ளைகள் காத்திருந்தனர். பிறருக்காக உழைக்கும்போதும், நம் வரவை எதிர்பார்க்கும் வீட்டாரை நாம் மறக்கலாகாது என்பது முதற்பாடம்.

மற்றது, ‘ஏன்’ என்று கேட்கும் துணிவு. இல்லாதவருக்கு ஒரு பிடி அரிசி கொடுப்பது நன்று. அத்துடன் நின்றுவிடாமல், அவருக்கு அரிசி ஏன் இல்லாமற்போயிற்று என்றும் கேட்போம். கிடைக்கும் விடையைக் கண்டு அஞ்சாமல், நம்மால் இயன்ற பணியைத் தொடங்குவோம்.