அர்பத் எலோ

பொன்னின் மாற்றை உரைகல் காட்டும். பண்டத்தின் நிறையைத் துலாக்கோல் காட்டும். சதுரங்கம் ஆடுவோரின் ஆற்றலை நடுவுநிலை பிறழாது காட்டும் கோலும் உண்டோ எனில், உண்டு. அதனை வகுத்தளித்தவர் அர்பத் எலோ என்னும் பேராசிரியராவர்.

இவர் 1903ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 25ஆம் நாள் அங்கேரி நாட்டுச் சிற்றூர் ஒன்றில் பிறந்தார். 1913இல் பெற்றோருடன் அமெரிக்காவிற் குடியேறிச் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பயின்றார். பின்னர் மில்வாக்கி நகரத்து மார்க்வெட் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் இயற்பியல் கற்பித்தார். சதுரங்கத்திலும் வல்லவராகி, விஸ்கான்சின் மாநிலப் பட்டத்தை எட்டு முறை வென்றார்.

எளியாரைப் பலமுறை வென்றவன் ஒருவன். வலியாரோடு பொருது சிலமுறையே வென்றவன் மற்றொருவன். இவருள் உயர்ந்தோன் யாவன்? வெற்றிகளை எண்ணுதல் மட்டும் இதற்கு விடையாகாது. எனவே, எதிரியின் தரத்தை நோக்கி, ஒருவர் பெறத்தக்க புள்ளி இத்துணை என எலோ முன்னரே கணித்தார். பெற்றது அதனினும் மிகுந்தால் தரம் உயரும், குறைந்தால் தாழும். இருவரிடையே 200 புள்ளி வேற்றுமை இருப்பின், வலியவர் நூறு ஆட்டங்களில் ஏறத்தாழ 76 புள்ளி பெறுதல் வேண்டும். அவர் 70 பெற்றாராயின், வென்றவரும் அவரே. தரம் இறங்குபவரும் அவரே!

இம்முறையை 1960இல் அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பும், 1970இல் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பும் மேற்கொண்டன. உலகப் பட்டியலுக்குரிய கணக்குகளைப் பல்லாண்டுகள் எலோ தாமே செய்தார். எனினும், தம் கோலின் எல்லையை அவர் மறந்திலர். நீரில் ஏறி இறங்கும் தக்கையை, காற்றில் ஆடும் கயிற்றிற் கட்டிய அளவுகோலால் அளப்பதற்கு இதனை அவர் ஒப்பிட்டதுண்டு.

1967இல் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் உருவான மாக்ஹாக் என்னும் கணினி நிரல், மக்களோடு போட்டியில் ஆடித் தரப்புள்ளி பெற்றது. பின்னர் நிரலும் நிரலும் பொருதும் காலம் வந்தது. அதனோடு ஒரு சிக்கலும் வந்தது. கென் தாம்சன் என்னும் அறிஞர் 1980களின் தொடக்கத்தில், தாம் ஆக்கிய சதுரங்கப் பொறியை, நோக்கும் ஆழத்தை மட்டும் வேறுபடுத்தித் தன்னோடு தானே ஆடச் செய்தார். ஒரு நகர்வு கூடுதலாக ஆழ்ந்து நோக்கியது ஏறத்தாழ 200 புள்ளி மிகுதியாகப் பெற்றது.

விரைந்த கணினி ஆழ்ந்து நோக்கும். அங்ஙனமாயின், வென்றது நிரலின் நுட்பமோ, கணினியின் விரைவோ? எலோவின் கோல் வெற்றி தோல்வியை அறியுமேயன்றி, அவற்றின் காரணத்தை அறியாது. குதிரைமேல் வருவோனையும் கால்நடையாய் வருவோனையும் ஒருங்கே ஓடவிட்டு, ஓட்டத்தில் வல்லான் இன்னான் எனத் தீர்ப்பளித்தல் முறையாகுமோ? ஆகவே, நேர்மையுடன் சோதிப்போர் இரு நிரல்களுக்கும் ஒத்த கணினியும் ஒத்த நேரமும் அளிப்பர். ஒரே தொடக்க நிலையை, வெள்ளையும் கறுப்பும் மாற்றி இருமுறை ஆடச் செய்வர். பத்து ஆட்டங்களை நம்பாது நூற்றுக்கணக்கில் ஆடுவிப்பர். அன்றியும், நிரல்கள் தம்முள் ஆடிப் பெற்ற 3000 புள்ளியை, மக்கள் தம்முள் ஆடிப் பெற்ற 2800 புள்ளியோடு நேரே ஒப்பிடலாகாது. அவை இரு வேறு ஊர்களின் படிகள்.

எலோ 1992ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 5ஆம் நாள் விஸ்கான்சினில் மறைந்தார். அவர் முறையைக் கொண்டு ஸ்வீடன் நாட்டுச் சதுரங்கக் கணினிச் சங்கத்தார் வெளியிட்ட பட்டியல்களில், நிரலின் பெயரை அடுத்து, அஃது இயங்கிய கணினியும் குறிக்கப்பெற்றது.