இடிக்காமல் கட்டியவர்

1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இரவில் சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டு பொழிந்த எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பலைத் தமிழகம் மறக்கவில்லை. அடுத்த மாதம் அக்கப்பல் கிளான் கிராண்ட் என்னும் வணிகக் கப்பலையும் கடலில் மூழ்கடித்தது. சென்னையில் நடைபெறவிருந்த கண்காட்சிக்கென அனுப்பப்பட்ட நகர வரைபடங்களும் ஓவியங்களும் அதனுடன் அழிந்தன. அவை பேட்ரிக் கெடிஸ் பல்லாண்டுகள் அரிதின் முயன்று திரட்டியவை. அவர் மனம் தளரவில்லை. நண்பர்கள் மீண்டும் படங்களைத் திரட்டி அனுப்பினர். 1915ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகச் செனட் மண்டபத்தில் கண்காட்சி திட்டமிட்டபடி நடைபெற்றது.

கெடிஸ் 1854ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் பிறந்தார், உயிரியல் பயின்றார். 1879இல் மெக்சிகோவில் ஆய்வு மேற்கொண்டபோது சில காலம் பார்வையை இழந்தார். நுண்ணோக்கியில் கண் பதித்து ஆராய்வது அதன்பின் அவருக்குக் கடினமாயிற்று. உயிரினங்களை ஆராய்ந்த அவர், மனிதர் வாழும் நகரத்தையும் ஓர் உயிராகக் காணத் தொடங்கினார்.

அக்காலத்தில் எடின்பரோவின் பழைய நகரம் நெரிசலும் நோயும் மிகுந்திருந்தது. வசதி படைத்தோர் அதனை விட்டு நீங்கினர். கெடிஸோ, மனைவி அன்னாவுடன் 1887இல் அங்கேயே குடியேறினார். இருவரும் அண்டை வீட்டாரோடு சேர்ந்து சுவர்களுக்கு வெள்ளையடித்தனர். சிறு தோட்டங்கள் அமைத்தனர். சிதைந்த கட்டடங்களை மட்டும் அகற்றிக் காற்றுக்கும் ஒளிக்கும் வழி செய்தனர். மக்கள் தம் இல்லங்களிலேயே வாழ்ந்தனர்.

சென்னை ஆளுநர் பென்ட்லண்டு பிரபுவின் அழைப்பை ஏற்று இந்தியா வந்த கெடிஸ், தஞ்சாவூர், மதுரை, கோயம்புத்தூர் உள்ளிட்ட ஊர்களை ஆராய்ந்து அறிக்கைகள் அளித்தார். நெரிசலான குடியிருப்பின் நடுவே நேர்க்கோடாக அகன்ற சாலை அமைப்பதே அன்றைய நகராட்சிகளின் வழக்கம். அச்சாலைக்காக இடிக்கப்படும் வீடுகளின் ஏழைகள் எங்கே செல்வர் என்பதே கெடிஸ் எழுப்பிய வினா. அவர்கள் வேறோர் இடத்தில் மேலும் நெருக்கமாக அடைபடுவர். நெரிசல் இடம் மாறுமேயன்றி ஒழியாது என்று அவர் விளக்கினார்.

ஆகவே, அவர் தெருத்தெருவாக நடந்தார். வீடு, மரம், கிணறு, கோயில் ஆகியவற்றை வரைபடத்தில் குறித்தார். பாழடைந்த வீடுகளை மட்டும் நீக்குதல், வெற்றிடங்களை இணைத்து மர நிழல் கொண்ட சிறு திடல்களாக்குதல், சந்துகளைத் தேவையான அளவில் மட்டும் அகலப்படுத்துதல் ஆகியவற்றைப் பரிந்துரைத்தார். உறுப்பைக் காத்து நோயை மட்டும் நீக்கும் அறுவை மருத்துவத்திற்கு இம்முறையை ஒப்பிட்டார். குளங்களையும் கிணறுகளையும் தூர்ப்பதை எதிர்த்தார். கொசுவுக்கு அஞ்சிக் குளத்தை மூடுவதைவிட, அதில் மீன் வளர்ப்பதே நன்று என்பது அவர் கருத்து.

1917ஆம் ஆண்டு அவருக்குப் பெருந்துயர் தந்தது. மகன் அலஸ்டர் பிரான்சுப் போர்க்களத்தில் மடிந்தார். கல்கத்தாவில் நோயுற்றிருந்த அன்னாவிடம் அச்செய்தியைக் கெடிஸ் கூறவில்லை. சில வாரங்களில் அன்னாவும் மறைந்தார். எனினும், கெடிஸ் பணியைக் கைவிடவில்லை. 1919இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் முதல் சமூகவியல் பேராசிரியரானார். 1925இல் டெல் அவிவ் என்னும் கடற்கரை நகருக்குத் திட்டம் வகுத்தார். ஊர்திகளுக்கு அகன்ற சாலைகள், குடியிருப்போருக்குக் குறுகிய தெருக்கள், வீடுகளின் நடுவே பொதுத் தோட்டங்கள் என அது அமைந்தது. 1932இல் அவர் பிரான்சில் காலமானார்.

இன்று அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய பகுதிகளில் தனி வீடுகள் அடுக்குமாடிக் குடியிருப்புகளாக மாறி வருகின்றன. பெருகும் மக்களுக்கு வீடுகள் தேவை. மழைநீர் தங்க ஏரிகளும் வேண்டும். நிழல் தர மரங்களும் வேண்டும். அங்கு மனையை அளக்கும் ஒவ்வொருவரும், அதற்கு முன் அத்தெருவில் ஒருமுறை நடந்து பார்ப்பதே கெடிஸ் கற்பித்த முதற்பாடம்.