குருதியின் வேறுபாடு கண்டவர்

பெங்களூருவின் மருத்துவமனைகளில் நோயாளிக்குக் குருதி ஏற்றுமுன் பொருத்தம் பார்ப்பர். பொருந்தாத குருதி உயிரையே போக்கிவிடும். முற்காலத்தில் இதனை எவரும் அறியார். குருதி ஏற்றப்பட்டவருள் சிலர் பிழைத்தனர், பலர் மாண்டனர். அதன் காரணத்தைக் கண்டறிந்தவர் கார்ல் லேண்ட்ஸ்டைனர்.

அவர் 1868ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள் ஆஸ்திரியாவில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்து, தாயின் அரவணைப்பில் வளர்ந்தார். 1891இல் மருத்துவப் பட்டம் பெற்று, ஆய்வுப் பணியில் ஈடுபட்டார்.

ஒருவருடைய குருதிநீரில் மற்றொருவருடைய செவ்வணுக்களைக் கலந்தால், சில வேளைகளில் அவை திரண்டுவிடும். அது நோயின் அறிகுறி என்றே பலர் எண்ணினர். லேண்ட்ஸ்டைனர் தம் குருதியையும், நலமுடன் இருந்த உடன்பணியாளர் குருதியையும் மாற்றி மாற்றிக் கலந்து பார்த்தார். அங்கும் சில திரண்டன, சில திரளவில்லை. அது நோயன்று, இயற்கையான வேறுபாடே எனத் தெளிந்தார். 1901இல் குருதியை மூன்று வகைகளாகப் பிரித்தார். அவையே இன்றைய ஏ, பி, ஓ வகைகள். ஏபி வகையை மறு ஆண்டு பிறர் கண்டறிந்தனர்.

செவ்வணுக்களின் மேற்பரப்பில் அடையாளப் பொருள்கள் உள்ளன. ஏ வகையினரின் குருதிநீரில் பி அடையாளத்தைத் தாக்கும் எதிர்ப்பொருள் இயல்பாகவே இருக்கும். எனவே, பி வகைக் குருதி உள்ளே புகுந்தால், நோய்க்கிருமியை எதிர்ப்பதுபோல் உடல் அதனை எதிர்த்து அழிக்கும். காக்க வேண்டிய ஆற்றலே, உதவ வந்த குருதியைப் பகையாகக் கருதிவிடுகிறது.

முதல் உலகப்போருக்குப் பின் வியன்னாவில் வறுமை சூழ்ந்தது. லேண்ட்ஸ்டைனர் நெதர்லாந்துக்கும், பின்னர் அமெரிக்காவுக்கும் குடிபெயர்ந்தார். ஆய்வை மட்டும் கைவிடவில்லை. 1930இல் நோபல் பரிசு பெற்றார். 1940இல் அலெக்சாண்டர் வீனருடன் இணைந்து ஆர்எச் காரணியை வெளிப்படுத்தினார். 1943இல் ஆய்வுக்கூடத்தில் இருந்தபோதே மாரடைப்புற்று, இரு நாள்களில் மறைந்தார்.

அவர் தொடங்கிய தேடல் இன்னும் முடியவில்லை. இதய அறுவைக்கு வந்த பெண் ஒருவருக்குப் பொருந்தும் குருதியைப் பெங்களூருவின் ரோட்டரி டிடிகே குருதி மையம் தேடியது. உறவினர் குருதியும் பொருந்தவில்லை. மருத்துவர்கள் குருதி ஏற்றாமலேயே அறுவையை முடித்தனர். இங்கிலாந்தின் பிரிஸ்டல் ஆய்வகம் அவர் குருதியை ஆராய்ந்தபோது, உலகம் அதுவரை அறியாத அடையாளப் பொருள் ஒன்று புலப்பட்டது. அது 2025இல் ‘கிரிப்’ என்னும் பெயரால் அறிவிக்கப்பட்டது. அப்பெயரின் இறுதி இரண்டு ஆங்கில எழுத்துகள் இந்தியாவையும் பெங்களூருவையும் குறிக்கின்றன.

லேண்ட்ஸ்டைனர் பிறந்த ஜூன் 14ஆம் நாளையே உலகம் குருதிக் கொடையாளர் நாளாகப் போற்றுகிறது.

வினாக்கள்
1. செவ்வணுக்கள் திரள்வது நோயன்று என்பதை லேண்ட்ஸ்டைனர் எவ்வாறு அறிந்தார்?
2. ஏ வகையினருக்குப் பி வகைக் குருதி ஏன் பொருந்தாது?
3. ‘கிரிப்’ என்னும் பெயரில் பெங்களூரு இடம்பெற்றது ஏன்?