எம். ஜே. கோபாலன்

எம். ஜே. கோபாலன் என்று பரவலாக அறியப்படும் மொறப்பாக்கம் ஜோசியம் கோபாலன் (ஜூன் 6, 1909 - டிசம்பர் 21, 2003) சென்னையைச் சேர்ந்த துடுப்பாட்டக்காரரும் வளைதடிப் பந்தாட்டக்காரரும் ஆவார். கிரிக்கெட், ஹாக்கி என்று நாம் பேச்சில் குறிப்பிடும் இவ்விரு விளையாட்டுகளிலும் இந்தியாவுக்காக ஆடிய மிகச் சிலருள் இவர் ஒருவர். வலக்கை மித வேகப் பந்துவீச்சாளரான இவர், 1934 ஆம் ஆண்டு நவம்பர் 4 ஆம் நாள் சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பைப் போட்டிகளின் முதல் பந்தை வீசியவர். சென்னை அணிக்கும் இலங்கை அணிக்கும் இடையே நடைபெற்று வந்த கோபாலன் கோப்பை இவர் பெயரால் அமைந்தது. 1936 இல் பெர்லின் ஒலிம்பிக்கா, இங்கிலாந்துத் துடுப்பாட்டப் பயணமா என்ற நிலை வந்தபோது இவர் இங்கிலாந்தைத் தேர்ந்தெடுத்ததும், அங்கு ஒரு டெஸ்ட் போட்டியிலும் ஆடாமல் திரும்பியதும் இன்றும் பேசப்படுகின்றன.

பிறப்பும் சூழலும்

கோபாலன் செங்கல்பட்டுப் பகுதியிலுள்ள மொறப்பாக்கம் என்னும் ஊரில் பிறந்தார். இம்மாவட்டத்தின் தென் எல்லையைக் கடந்தால் மரக்காணம் உப்பளங்களும் கீழ்புத்துப்பட்டு முதலிய கடலோர ஊர்களும் வரும். இன்று அப்பகுதியின் எந்த ஊர்த்திடலிலும் மாலை வேளையில் மட்டையும் பந்துமாகச் சிறுவர்களைக் காணலாம். கோபாலன் பிறந்த காலத்திலோ துடுப்பாட்டம் பெரும்பாலும் சென்னை நகரத்தின், அதிலும் குறிப்பாகச் சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் பகுதிகளின் ஆட்டமாகவே இருந்தது. எனவே அவரது குடும்பம் திருவல்லிக்கேணிக்குக் குடிபெயர்ந்தது அவர் வாழ்வின் போக்கையே தீர்மானித்தது எனலாம். சேப்பாக்கம் மைதானம் அங்கிருந்து நடந்து செல்லும் தொலைவில் உள்ளது.

அக்காலச் சென்னைத் துடுப்பாட்டம் இரு பிரிவாக இருந்தது. 1846 இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் ஐரோப்பியர்களுக்கு உரியது. சேப்பாக்கம் மைதானமும் அதன் வசமே இருந்தது. இந்தியர்களுக்கென 1888 இல் புச்சி பாபு நாயுடு மெட்ராஸ் யுனைடெட் கிளப்பை நிறுவினார். பொங்கல் விடுமுறையை ஒட்டி நடைபெற்ற மாகாணப் போட்டியில் இந்தியர் அணியும் ஐரோப்பியர் அணியும் மோதின. திருவல்லிக்கேணியில் இருந்து சென்ற ரசிகர்களுக்கு அந்த ஆண்டின் பெரிய விழா அதுதான்.

கோபாலனின் திறமையைக் கண்டறிந்தவர், அந்த ஐரோப்பியர் அணியின் முக்கிய ஆட்டக்காரரான சி. பி. ஜான்ஸ்டன். இவரது முயற்சியால் கோபாலனுக்குத் திருவல்லிக்கேணி கிரிக்கெட் கிளப்பில் இடமும் பர்மா ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் வேலையும் கிடைத்தன. விளையாட்டில் வருமானம் இல்லாத அக்காலத்தில், ஒரு நிறுவனத்தில் கிடைக்கும் நிலையான வேலைதான் ஓர் ஆட்டக்காரரைத் தொடர்ந்து ஆட வைத்தது. 1926-27 பருவத்தில் கோபாலன் முதல்தரப் போட்டிகளில் ஆடத் தொடங்கினார்.

ஒரே ஒரு டெஸ்ட்

1933-34 இல் டக்ளஸ் ஜார்டின் தலைமையிலான இங்கிலாந்து அணி இந்தியா வந்தது. இந்திய மண்ணில் நடைபெற்ற முதல் டெஸ்ட் தொடர் இதுவே. சி. கே. நாயுடு தலைமையிலான இந்திய அணியின் வேகப்பந்துவீச்சு முகமது நிசார், அமர் சிங் ஆகிய இருவரையும் நம்பியே இருந்தது. 1934 ஜனவரி 5 முதல் 8 வரை கல்கத்தா ஈடன் கார்டன்சில் நடந்த இரண்டாவது டெஸ்டில் கோபாலன் சேர்க்கப்பட்டார். முஷ்டாக் அலி, சி. எஸ். நாயுடு, திலாவர் உசேன் ஆகியோருக்கும் அதுவே முதல் டெஸ்ட். கோபாலன் இரு இன்னிங்சிலும் சேர்த்து 18 ஓட்டங்கள் எடுத்து, ஒரு விக்கெட்டை வீழ்த்தினார். போட்டி வெற்றி தோல்வியின்றி முடிந்தது.

அடுத்த டெஸ்ட் பிப்ரவரி 10 அன்று சென்னை சேப்பாக்கத்தில் தொடங்கியது. அம்மைதானத்தின் முதல் டெஸ்ட் போட்டி அது. தன் வீட்டருகே நடந்த அப்போட்டியில் கோபாலனுக்கு இடம் கிடைக்கவில்லை. அமர் சிங் முதல் இன்னிங்சில் 86 ஓட்டங்களுக்கு 7 விக்கெட்டுகளைக் கைப்பற்றியும், இங்கிலாந்து 202 ஓட்டங்களால் வென்றது. கோபாலன் பின்னர் எந்த டெஸ்டிலும் ஆடவில்லை.

ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்து

இந்திய மாகாணங்களுக்கும் சமஸ்தானங்களுக்கும் இடையிலான ரஞ்சிக் கோப்பை 1934 இல் தொடங்கியபோது அதில் 15 அணிகள் கலந்துகொண்டன. அப்போது லீக் முறை இல்லை. தோற்ற அணி உடனே வெளியேற வேண்டும். மாநில அணிகள் மண்டலத்துக்குள் லீக் முறையில் மோதிக்கொள்ளும் ஏற்பாடு 1957-58 இல்தான் வந்தது. இந்த விவரத்தை மனத்தில் கொண்டால்தான் அக்கால ரசிகர்களின் கவலை புரியும். ஆண்டு முழுவதும் காத்திருந்து, முக்கியப் பந்துவீச்சாளருக்கு ஒரு நாள் கை சரியாக அமையாவிட்டால் அவ்வாண்டு அத்துடன் முடிந்தது. அமெரிக்காவில் அடிப்பந்தாட்ட இறுதிச் சுற்றுகள் நெருங்கும்போது அணியின் எறிவாளர்கள் தாக்குப்பிடிப்பார்களா என்று ரசிகர்கள் கணக்குப் போடுவதும் இத்தகைய கவலையே.

1934 நவம்பர் 4 அன்று சென்னையும் மைசூரும் சேப்பாக்கத்தில் மோதின. கோபாலன் வீசிய முதல் பந்தை எதிர்கொண்டவர் மைசூரின் என். கர்டிஸ். பின்னர் நடந்தது இன்றைய வாசகருக்கு நம்புவதற்குக் கடினமாக இருக்கும். மைசூர் 48 ஓட்டங்களுக்குச் சுருண்டது. சென்னை 130 ஓட்டங்களே எடுத்தது. மைசூர் மீண்டும் ஆடி 59 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்தது. ஒரே நாளில் போட்டி முடிந்து, சென்னை ஓர் இன்னிங்ஸ், 23 ஓட்டங்களால் வென்றது. அன்று அதிக விக்கெட்டுகளை வீழ்த்தியவர் கோபாலன் அல்லர். இடக்கைச் சுழற்பந்து வீசிய ஏ. ஜி. ராம் சிங் 35 ஓட்டங்களுக்கு 11 விக்கெட்டுகளைக் கைப்பற்றினார். ராம் சிங்குக்கு டெஸ்ட் வாய்ப்பு கிடைக்கவே இல்லை. அவரது மகன்கள் கிருபால் சிங், மில்கா சிங் ஆகிய இருவரும் பிற்காலத்தில் இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடினர்.

அடுத்த பருவமான 1935-36 இல் சென்னை அணி இறுதிப் போட்டி வரை சென்று தில்லியில் பம்பாயிடம் 190 ஓட்டங்களால் தோற்றது. 1940-41 இல் மீண்டும் இறுதிக்கு வந்து, அதுவும் சேப்பாக்கத்திலேயே, மகாராட்டிரத்திடம் தோற்றது. கோப்பை சென்னைக்கு வந்தது 1954-55 இல், பாலு அழகணன் தலைமையில். அதற்குள் கோபாலன் ஓய்வு பெற்றுவிட்டார். அவரது கடைசி ஆண்டுகளில் புதுப்பந்தைப் பகிர்ந்துகொண்டவர் சி. ஆர். ரங்காச்சாரி. 1948 இல் தில்லியில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக 107 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகளை வீழ்த்தியவர் இவரே.

வளைதடிப் பந்தாட்டம்

கோபாலனை வளைதடிப் பந்தாட்டத்தில் ஊக்குவித்தவர் ராபர்ட் சம்மர்ஹேஸ். 1935 இல் தியான் சந்த் தலைமையில் நியூசிலாந்து சென்ற இந்திய அணியில் கோபாலன் இடம்பெற்றார். இலங்கை, ஆத்திரேலியா வழியாகக் கப்பலில் சென்ற அவ்வணி பயணம் முழுவதிலும் 48 போட்டிகளில் ஆடியது. நியூசிலாந்துக்கு எதிரான மூன்று டெஸ்ட் போட்டிகளிலும் வென்றது. தியான் சந்த் மட்டும் அப்பயணத்தில் இருநூறுக்கு மேற்பட்ட கோல்களை அடித்தார். அன்றைய நிலையில் இந்திய வளைதடிப் பந்தாட்ட அணியில் இடம் கிடைப்பது ஏறத்தாழ ஒலிம்பிக் தங்கப் பதக்கத்துக்கு உறுதிச்சீட்டு. 1928, 1932 ஆகிய இரு ஒலிம்பிக்குகளிலும் இந்தியாவே வென்றிருந்தது.

1936: இரண்டு கப்பல்கள்

1936 ஆம் ஆண்டுக் கோடைக்கு இரு அணிகள் இந்தியாவிலிருந்து புறப்பட இருந்தன. ஒன்று பெர்லின் ஒலிம்பிக்கிற்கு, மற்றொன்று விசயநகரம் மகாராசகுமார் தலைமையில் இங்கிலாந்துக்கு. பெர்லின் அணியில் இடம்பெறும் வாய்ப்பு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோதும், இங்கிலாந்து அணிக்குத் தேர்வான கோபாலன் துடுப்பாட்டத்தையே தேர்ந்தெடுத்தார்.

இம்முடிவைப் பின்னாளில் பலரும் தவறு என்றே எழுதினர். விளைவு தெரிந்தபின் அவ்வாறு சொல்வது எளிது. புறப்படும்போது கோபாலன் முன் இருந்த கணக்கு வேறு. நிசார் அணியில் இருந்தார். ஆனால் அமர் சிங் லங்காசயர் லீக்கில் கோல்ன் கழகத்துக்காகச் சம்பளத்துக்கு ஆடிக்கொண்டிருந்தார். எல்லாப் போட்டிகளுக்கும் அவர் வர இயலாது. ஜஹாங்கீர் கான் கேம்பிரிட்ஜில் மாணவராக இருந்தார். ஆகவே மூன்றாவது வேகப்பந்துவீச்சாளருக்கு இடம் உண்டு என்று எண்ணியிருந்தால் அதில் பிழை காண முடியாது. முதல் டெஸ்டுக்கு முன்பே, மித வேகப் பந்தும் வீசக்கூடிய லாலா அமர்நாத் ஒழுங்கு நடவடிக்கையாகத் தாயகம் திருப்பி அனுப்பப்பட்டபோது அந்த இடம் இன்னும் அகலமானது.

ஆயினும் கோபாலன் அழைக்கப்படவில்லை. அமர் சிங் மூன்று டெஸ்டுகளுக்கும் வந்து சேர்ந்தார்; லார்ட்சில் 35 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகளை வீழ்த்தினார். அணி முழுவதும் பிளவுபட்டிருந்தது. தலைவர் ஒரு பக்கமும் சி. கே. நாயுடு மறுபக்கமும் நின்றனர். மூன்றாவது டெஸ்டில் மித வேகப் பந்துவீச்சாளர் ஒருவர் புதிதாகச் சேர்க்கப்பட்டார். அவர் கோபாலன் அல்லர், பாக்கா ஜிலானி. காலை உணவு வேளையில் நாயுடுவை இழிவாகப் பேசியதற்குப் பரிசாகவே ஜிலானிக்கு அந்த இடம் தரப்பட்டது என்ற கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. கதை எப்படியிருந்தாலும், ஜிலானி திறமையற்றவர் அல்லர். ரஞ்சிக் கோப்பையின் முதல் ஹாட்ரிக் அவருடையது. அக்கோப்பையின் முதல் பந்தை வீசியவர் வெளியே அமர்ந்திருக்க, அதன் முதல் ஹாட்ரிக்கை எடுத்தவர் களமிறங்கினார். ஜிலானிக்கு அந்த டெஸ்டில் விக்கெட் கிடைக்கவில்லை. ஆமண்ட் 217 ஓட்டங்கள் குவித்தார்.

அந்த ஓவல் டெஸ்ட் தொடங்கிய நாள் ஆகஸ்ட் 15. பெர்லினில் வளைதடிப் பந்தாட்ட இறுதிப் போட்டி முதல் நாளே நடந்திருக்க வேண்டியது. மழையால் ஒத்திவைக்கப்பட்டு அதே ஆகஸ்ட் 15 அன்று நடந்தது. பயிற்சிப் போட்டியில் செருமனியிடம் தோற்றிருந்த இந்தியா, இறுதியில் அவ்வணியை 8-1 என்ற கோல் கணக்கில் வென்று தங்கம் பெற்றது. தன் நியூசிலாந்துப் பயணத் தலைவர் தியான் சந்த் தங்கம் வென்ற அதே நாளில், இலண்டனில் கோபாலன் ஆடும் பதினொருவரில் இல்லை. இந்தியா துடுப்பாட்டத் தொடரை 0-2 என இழந்தது.

இதே பயணத்தில் சென்னையைச் சேர்ந்த மற்றொருவருக்கு நேர்மாறாக நிகழ்ந்தது குறிப்பிடத்தக்கது. 1922 இல் டேவிஸ் கோப்பை டென்னிஸ் ஆடியிருந்த கோட்டா இராமசாமி, தம் 40 ஆம் வயதில் மான்செஸ்டரில் முதல் டெஸ்ட் ஆடி 40, 60 என ஓட்டங்கள் எடுத்தார்.

பிற்காலமும் கோபாலன் கோப்பையும்

இங்கிலாந்திலிருந்து திரும்பிய கோபாலன் 1951-52 வரை முதல்தரப் போட்டிகளில் ஆடினார். 1950களில் தேசியத் தேர்வாளராகவும் பணியாற்றினார். ஒரே டெஸ்டுடன் நிறுத்தப்பட்ட ஒருவர் பிறரது இடங்களைத் தீர்மானிக்கும் குழுவில் அமர்ந்தார்.

அவரது இருபத்தைந்தாண்டு ஆட்ட வாழ்வைச் சிறப்பிக்கும் வகையில் 1952-53 இல் சென்னை, இலங்கை அணிகளுக்கிடையே கோபாலன் கோப்பைப் போட்டி தொடங்கப்பட்டது. 1970களின் நடுப்பகுதி வரை சென்னையிலும் இலங்கையிலும் மாறி மாறி இது நடைபெற்றது. இதன் பயன் சென்னையைக் காட்டிலும் இலங்கைக்கே அதிகம். டெஸ்ட் தகுதி பெறாத அக்காலத்தில், இலங்கை ஆட்டக்காரர்களுக்குத் தொடர்ச்சியாகக் கிடைத்த முதல்தரப் போட்டிகள் மிகக் குறைவு. 1981 இல் டெஸ்ட் தகுதி பெற்ற இலங்கை, இந்தியாவுக்கு எதிரான தன் முதல் டெஸ்டை 1982 செப்டம்பரில் சேப்பாக்கத்திலேயே ஆடியது. துலீப் மென்டிஸ் இரு இன்னிங்சிலும் 105 ஓட்டங்கள் எடுத்தது அப்போட்டியில்தான்.

இறப்பு

கோபாலன் 2003 டிசம்பர் 21 அன்று சென்னையில் தமது 94 ஆம் வயதில் காலமானார். நியூசிலாந்தின் லிண்ட்சே வெயர் அவ்வாண்டு அக்டோபரில் இறந்ததிலிருந்து, உயிருடன் இருந்த டெஸ்ட் ஆட்டக்காரர்களுள் கோபாலனே மூத்தவராக இருந்தார்.