வீட்டை வரையுமுன் குடும்பத்தைக் கேட்டவர்

க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளிவரும் ஒவ்வொரு தடவையும் ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவை, மஸ்கெலியா என மலையகத்தின் நகரங்களிலும் தோட்டங்களிலும் ஏறத்தாழ ஒரே உரையாடலையே நாம் கேட்கின்றோம். மருத்துவம், பொறியியல், ஆசிரியத் தொழில், அவை கைகூடாவிடின் அரச அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞர் பதவி. இந்த வட்டத்துக்கு வெளியே உள்ள துறையொன்றைப் பிள்ளை நாடினால், அதைப் படித்து எவ்வாறு பிழைப்பது என்பதே பெற்றோரின் முதற் கேள்வியாக இருக்கின்றது. உள்ளகக் கட்டடக்கலை அத்தகைய துறைகளில் ஒன்று. திரைச்சீலைக்கு நிறம் தெரிவு செய்வதும் வசதி படைத்தோரின் வரவேற்பறையை அலங்கரிப்பதுமே அத்துறை என்ற எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது.

உண்மை அதுவன்று. ஒரு கூரையின் கீழ் மனிதர் எவ்வாறு நடமாடுகின்றனர், சமைக்கின்றனர், உறங்குகின்றனர், பிள்ளைகள் எங்கே அமர்ந்து படிக்கின்றனர், அடுப்புப் புகை எவ்வழியே வெளியேறுகின்றது, பெண்ணொருத்தி ஆடை மாற்றுவதற்கு மறைவான இடம் உண்டா என்பனவற்றையெல்லாம் ஆராய்ந்து இடத்தை வகுப்பதே அந்தக் கலையின் சாரம். பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவிலான லயன் காம்பராவில் மூன்று தலைமுறைகள் வாழ்ந்த மலையகத்தைக் காட்டிலும் இக்கலையின் தேவையை உணர்ந்த வேறொரு சமூகம் இந்நாட்டில் இருக்க முடியாது. எனவேதான் இதே மலைநாட்டில் பிறந்து, இத்துறையில் உலகறிந்த பெயரைப் பெற்று, இறுதியில் நம்மால் மறக்கப்பட்ட ஒரு பெண்மணியின் வாழ்க்கையை இங்கு நினைவுகூர விரும்புகின்றோம். அவர் மினெட் டி சில்வா.

1918 ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாந் திகதி கண்டியில் பிறந்தவர் மினெட். தந்தையார் ஜோர்ஜ் ஈ. டி சில்வா ஒரு சட்டத்தரணி. இலங்கைத் தேசிய காங்கிரசின் தலைவர்களுள் ஒருவராகவும், பின்னர் அரசாங்க சபைக் காலத்தில் சுகாதார அமைச்சராகவும் விளங்கியவர். பௌத்த சிங்களவரான அவர், பறங்கியர் சமூகத்தைச் சேர்ந்த ஆக்னஸ் நெல் என்பவரை மணந்தார். அந்நாளில் இத்தகைய திருமணம் எளிதாக ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒன்றன்று.

தாயார் ஆக்னஸை மலையகத் தமிழர் தனியாக நினைவில் வைத்திருக்க வேண்டும். 1927 ஆம் ஆண்டின் இறுதியில் டொனமூர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்தபோது, பெண்களுக்கு வாக்குரிமை கோரிய சங்கத்தின் சார்பில் சாட்சியமளித்தவர்களில் அவர் முதன்மையானவர். தோட்டங்களில் உழைக்கும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் அந்த உரிமையைக் கேட்கின்றீர்களா என்று ஆணைக்குழுவினர் வினவினர். அவர்களும் பெண்களே என்றும், எல்லாப் பெண்களுக்கும் அது வழங்கப்பட வேண்டும் என்றும் அவர் தயக்கமின்றி விடையளித்தார். படித்த, வசதி படைத்த பெண்களுக்கு மட்டும் வாக்குரிமை போதும் என்று கருதியோர் நிறைந்திருந்த காலம் அது. 1931 இல் சர்வசன வாக்குரிமை நடைமுறைக்கு வந்தது. கொழுந்துக் கூடையைச் சுமந்த பெண்ணையும் தன்னோடு சமமாக எண்ணிய தாயின் மகளே, பின்னாளில் சாதாரண ஊழியரின் குடும்பத்தைக் கேட்டு வீடு வரைந்தவர் என்பது கவனத்திற்குரியது.

கட்டடக் கலைஞராக வேண்டும் என்று மினெட் தீர்மானித்தபோது இலங்கையில் அத்துறையைப் பயில ஒரு கல்லூரி கூட இருக்கவில்லை. மகளின் விருப்பத்தைத் தந்தையார் முதலில் ஏற்கவில்லை. அரசியலில் முற்போக்காளரான அவருக்கும், தன் வீட்டுப் பெண் கட்டடத் தொழிலுக்குப் போவது விசித்திரமாகவே தோன்றியிருக்க வேண்டும். எனினும் மினெட் 1930 களின் இறுதியில் பம்பாய் சென்றார். அங்கு கட்டட வரைஞர்களிடம் பயிற்சி பெற்றவாறே, சேர் ஜே.ஜே. கலைக் கல்லூரியிலும் பயின்றார். 1942 இல் வெள்ளையனே வெளியேறு போராட்டம் வெடித்து, காந்தியடிகள் கைது செய்யப்பட்டபோது, அதனைக் கண்டித்து மாணவர் நடத்திய பகிஷ்கரிப்பில் அவரும் கலந்துகொண்டார். மன்னிப்புக் கடிதம் எழுதித் தந்தால் படிப்பைத் தொடரலாம் என்று கல்லூரி கூறியது. அவர் எழுத மறுத்தார், கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டார்.

படிப்பு இடைநடுவில் அறுந்த பின்னரும் அவர் துறையை விட்டு விலகவில்லை. மைசூர் அரசின் தலைமைக் கட்டடக் கலைஞராக இருந்த ஒட்டோ கோனிக்ஸ்பேர்கர் என்ற ஜேர்மனியரிடம் பெங்களூரில் பணியாற்றினார். டாட்டா உருக்கு நகருக்கான குறைந்த செலவு வீடுகள் பற்றிய வேலையில் அங்கு அவர் பங்குபற்றினார். 1946 இல் பம்பாயில் முல்க் ராஜ் ஆனந்தை ஆசிரியராகக் கொண்டு தோன்றிய மார்க் என்ற கலைச் சஞ்சிகையின் தொடக்கத்தில் மினெட்டும் அவருடைய சகோதரி அனில் டி சில்வாவும் முக்கிய பங்காற்றினர்.

யுத்தம் முடிந்த வேளையில் லண்டன் சென்று, அங்குள்ள புகழ்பெற்ற கட்டடக்கலைச் சங்கக் கல்லூரியில் தமது படிப்பை நிறைவு செய்தார். 1947 இல் இங்கிலாந்தின் பிறிட்ஜ்வோட்டரில் நடைபெற்ற நவீன கட்டடக் கலைஞர்களின் சர்வதேச மாநாட்டில், சேலை அணிந்த ஆசியப் பெண்ணாக அவர் அமர்ந்திருந்தார். லெ கோர்புசியரின் நட்பு அவருக்குக் கிட்டியது. இருவருக்குமிடையிலான கடிதத் தொடர்பு பல ஆண்டுகள் நீடித்தது. 1948 இல் பிரித்தானிய ரோயல் கட்டடக் கலைஞர் நிறுவகத்தின் இணை உறுப்பினராக அவர் தெரிவானார். அத்தகுதியைப் பெற்ற முதலாவது ஆசியப் பெண் அவரே.

அதே 1948 ஆம் ஆண்டு நம்மவர்க்கு வேறொரு பொருளை உடையது. இலங்கை சுதந்திரமடைந்த அவ்வாண்டிலேயே பிரஜாவுரிமைச் சட்டம் நிறைவேறியது. மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோர் நாடற்றவர்களாயினர். ஆக்னஸ் போன்றோர் வாதாடிப் பெற்றுத்தந்த வாக்குரிமையும் அடுத்த ஆண்டே பறிபோயிற்று. 1947 தேர்தலில் ஏழு பிரதிநிதிகளை அனுப்பிய சமூகம் குரலிழந்தது. எஞ்சியோரின் பிரஜாவுரிமைப் பிரச்சினைக்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டமே இறுதித் தீர்வைக் கொணர்ந்தது. நாடற்றவனுக்குக் காணி இல்லை. காணி இல்லாதவனுக்கு வீடு இல்லை. லயன் காம்பரா இத்தனை காலம் நிலைத்ததன் காரணம் இங்கேதான் இருக்கின்றது.

நாடு திரும்பிய மினெட், கண்டியில் பெற்றோரின் இல்லத்திலேயே தமது தொழிலகத்தைத் தொடங்கினார். 1949 க்கும் 1951 க்கும் இடையில் கருணாரத்ன குடும்பத்தினருக்காக அவர் அமைத்த வீடே அவருடைய முதலாவது கட்டடம். செங்குத்தான மலைச்சரிவு. அதனை வெட்டிச் சமப்படுத்தாமல், சரிவின் போக்கிலேயே தளங்களை மேலும் கீழுமாக அவர் அமைத்தார். கொங்கிறீற்றும் கண்ணாடியும் இருந்த அதே வீட்டில் தும்பறைப் பாய் நெசவு கதவுப் பலகைகளில் இடம்பெற்றது. கிராமத்துக் குயவர் சுட்ட களிமண் ஓடுகளும், அரக்குச் சாயம் பூசிய மரவேலையும் உள்ளகத்தை நிறைத்தன. சுவரில் ஓவியர் ஜோர்ஜ் கீற் ஓவியம் தீட்டினார். நலிந்துகொண்டிருந்த கைவினைஞரைக் காட்சிப் பொருளாக்காமல், வீடு கட்டுவதில் ஊதியம் பெறும் பங்காளிகளாக்கியமை அவருடைய தனிச்சிறப்பு. உள்ளகக் கட்டடக்கலை என்று இன்று பல்கலைக்கழகங்கள் கற்பிப்பதை அவர் அன்று கண்டி மலையில் செய்துகாட்டினார்.

மேற்கின் புதுமையையும் மண்ணின் மரபையும் இணைக்கும் இம்முறைக்கு நவீன பிரதேசக் கட்டடக்கலை என்று அவர் பெயரிட்டார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளின் பின்னரே மேலைத்தேய விமர்சகர்கள் இதையொத்த கருத்தைத் தமது கண்டுபிடிப்புப் போலப் பேசத் தலைப்பட்டனர். கொழும்பில் அவர் அமைத்த பீரிஸ் இல்லத்தில் தூண்களின் மேல் வீடு உயர்ந்து நின்றது. நடுவே முற்றம் திறந்திருந்தது. யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டிலும் காலிக் கோட்டையிலுள்ள முஸ்லிம் இல்லங்களிலும் காற்றையும் ஒளியையும் உள்ளே கொணரும் அதே முற்றந்தான் அது. முற்றத்துக்கு இனமோ மதமோ இல்லை என்பதை அவர் அறிந்திருந்தார்.

அவருடைய பணிகளில் நம் சிந்தனைக்கு மிக அண்மையானது கண்டி வத்தபுலுவ வீடமைப்புத் திட்டமாகும். 1950 களின் பிற்பகுதியில் அரசாங்க ஊழியருக்காகச் சுமார் 250 வீடுகளை மலைச்சரிவொன்றில் அமைக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் எனப் பல சமூகத்தவர் அதில் குடியேறவிருந்தனர். ஒரே வரைபடத்தை 250 தடவை அச்சடிப்பதே அந்நாளைய வழக்கம். இன்றும் பெரிதும் அதுவே வழக்கம். மினெட் அவ்வாறு செய்யவில்லை. குடும்பத்தில் எத்தனை பேர், வருமானம் என்ன, பழக்கவழக்கங்கள் எவை, எத்தகைய வீட்டை விரும்புகின்றனர் என்று வினாக்கொத்து வழங்கிக் கேட்டார், நேரிலும் உரையாடினார். கிடைத்த விடைகளைக் கொண்டு பல வகை வீடுகளை வரைந்து, குடும்பங்கள் தமக்கு ஏற்றதைத் தெரிவு செய்ய இடமளித்தார். 1958 ஆம் ஆண்டு, நாட்டின் பல பாகங்களில் இன வன்செயல் தலைவிரித்தாடிய ஆண்டு. அதே காலப்பகுதியில் பல சமூகத்தவரும் அயலவராய் வாழும் குடியிருப்பு ஒன்று கண்டியில் உருவாகிக்கொண்டிருந்தது என்பது வரலாற்றில் குறித்துவைக்கப்பட வேண்டிய செய்தி.

எனினும் அவருடைய தொழில் வாழ்க்கை மலர்ப்பாதையாக அமையவில்லை. தனித்து ஒரு பெண் நடத்தும் தொழிலகத்தை நம்பத் தயங்கியோர் பலர். பொறியியலாளரும் ஒப்பந்தகாரரும் அவருடைய கணிப்புகளை ஐயுற்றனர். 1960 களின் தொடக்கத்தில் தாயாரின் மறைவு அவரை நிலைகுலையச் செய்தது. பின்னர் நீண்ட காலத்தை வெளிநாடுகளில் கழித்தார். 1975 முதல் 1979 வரை ஹொங்கொங் பல்கலைக்கழகத்தில் ஆசியக் கட்டடக்கலையின் வரலாற்றைக் கற்பித்தார். திரும்பி வந்து 1980 களில் கண்டியில் கலை நிலையம் ஒன்றை அமைத்தார். ஆயினும் தொழிலகம் பழைய நிலைக்கு மீளவில்லை.

இதே காலத்தில் ஜெப்ரி பாவாவின் புகழ் உலகெங்கும் பரவியது. தந்தைவழியில் முஸ்லிம் பாரம்பரியத்தையும் கொண்ட பாவா, சட்டத்தரணியாக இருந்து பின்னர் துறை மாறி, 38 ஆவது வயதில் 1957 இல் கட்டடக் கலைஞரானவர். கோட்டேயில் 1982 இல் திறக்கப்பட்ட பாராளுமன்றக் கட்டடம் அவருடையது. அவருடைய பெருமையைக் குறைப்பது நம் நோக்கமன்று. ஆனால் அவர் நடந்த பாதையில் முதற் செடிகொடிகளை வெட்டியவர் மினெட் என்பதை நாடு மிகப் பிந்தியே ஒப்புக்கொண்டது. இலங்கைக் கட்டடக் கலைஞர் நிறுவகம் அவருக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது 1996 இல். அப்போது அவருக்கு வயது 78. ஈராண்டுகளின் பின், 1998 நவம்பரில், வறுமையிலும் தனிமையிலும் அவர் கண்டியில் காலமானார். அவருடைய வாழ்க்கை வரலாற்று நூலும் அவ்வாண்டிலேயே வெளிவந்தது. அவர் எழுப்பிய கட்டடங்களில் பல இன்று இல்லை. எஞ்சியவற்றுள் பல உருமாறிவிட்டன.

இவ்வாழ்க்கையிலிருந்து மலையகம் பெற வேண்டிய பாடம் யாது?

தனி வீட்டுத் திட்டங்கள் இன்று மலையகத்தில் நடைபெறுகின்றன. ஏழு பேர்ச் காணியும் 550 சதுர அடி வீடும் என்ற கணக்கு அனைவருக்கும் பழகிவிட்டது. இந்திய உதவியுடனான 4000 வீடுகளுக்கு மேலதிகமாக 10,000 வீடுகள் கட்டித் தரப்படும் என்ற அறிவிப்பு 2017 மே மாதத்தில் ஹட்டனுக்கு அண்மையிலுள்ள நோர்வூட்டிலேயே வெளியாயிற்று. லயத்திலிருந்து வெளியேறி உறுதியுள்ள காணியில் குடியேறுவது பெரும் பேறு என்பதில் ஐயமில்லை. ஆனால் அடுப்பு எங்கே இருக்க வேண்டும், விறகு எங்கே உலர வேண்டும், மழைக்கால ஈரத் துணி எங்கே காய வேண்டும், பழைய இஸ்தோப்பில் மாலையில் கூடிப் பேசிய அயலவர் இனி எங்கே கூடுவர் என்று, அந்த வீட்டில் வாழப் போகும் பெண்ணிடம் கேட்கப்பட்டதா? வத்தபுலுவவில் ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு முன்னர் கேட்கப்பட்ட கேள்விகள் அவை. வீடமைப்புக்குப் பொறுப்பானோர் அவற்றைக் கேட்பதற்கு மேலதிக நிதி பெரிதாகத் தேவையில்லை, மனமே தேவை.

அக்கேள்விகளைச் சரியாகக் கேட்கவும் விடைகளை வரைபடமாக்கவும் வல்லவர், லயத்தின் வாழ்வை அறிந்தவராக இருப்பின் மிக நன்று. மினெட்டின் காலத்தில் இல்லாத வாய்ப்புகள் இன்று உள்ளன. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலைப் பட்டப்படிப்பு உண்டு. அதற்கு உயர்தரப் பெறுபேற்றுடன் உளச்சார்புப் பரீட்சையிலும் தேற வேண்டும் என்பதைப் பல பாடசாலைகள் உரிய காலத்தில் மாணவருக்கு எடுத்துரைப்பதில்லை. உள்ளகக் கட்டடக்கலையைக் கொழும்பிலுள்ள தனியார் நிறுவனங்கள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுடன் இணைந்து கற்பிக்கின்றன. அங்கு அறவிடப்படும் கட்டணமோ தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளத்துக்கு எட்டாதது. மலையகக் கட்சிகளும் நிதியங்களும் பரோபகாரிகளும் ஆண்டுதோறும் வழங்கும் புலமைப்பரிசில்களில் சிலவற்றையேனும் இத்துறைக்கு ஒதுக்குவது பொருத்தமானது.

மன்னிப்புக் கடிதம் ஒன்றை எழுத மறுத்ததற்காகப் படிப்பை இழந்தும், ஆறு ஆண்டுகளில் ஆசியப் பெண்களில் முதல்வராக நிமிர்ந்தவர் மினெட். வரைபடத் தாளுடன் கல்லூரிக்குப் போக விரும்பும் பிள்ளை, ஹட்டனிலோ கொட்டகலையிலோ உள்ள எந்த வீட்டில் இருந்தாலும், எப்படிப் பிழைப்பாய் என்று கேட்டு அப்பிள்ளையைத் தடுக்காதிருப்போம். நமது வீடுகளை வரைய வேண்டியவர்கள் அவர்களே.