தாமஸ் மன்றோ

சர் தாமஸ் மன்றோ (மே 27, 1761 – சூலை 6, 1827) கிழக்கிந்தியக் கம்பனியின் படைவீரரும் நிருவாகியும் ஆவார். 1820 முதல் தாம் இறக்கும் வரை சென்னை மாகாண ஆளுநராகப் பணியாற்றினார். இரயத்துவாரி வரிமுறையின் காரணமாகவே பெரிதும் அறியப்படுகிறார். எனினும் கல்வி ஆய்வில் ஈடுபடுவோர் இவரை நினைவுகூர்வது வேறொன்றுக்காக. 1822 இல் இவர் ஆணையிட்ட பள்ளிக் கணக்கெடுப்பு, ஒரு நாட்டின் கல்வி நிலையைப் படிவம் ஒன்றின் வழியாக அறிய முயன்ற தொடக்ககால முயற்சிகளுள் ஒன்றாகும்.

வாழ்க்கை

மன்றோ ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். தந்தையார் அமெரிக்காவின் வர்ஜீனியாவுடன் வாணிகம் செய்தவர். அமெரிக்க விடுதலைப் போரினால் அவ்வாணிகம் நொடித்தது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பயின்ற மன்றோ, 1780 இல் படைப் பயிற்சியாளராகச் சென்னையில் வந்திறங்கினார். மைசூர்ப் போர்களில் பங்கேற்றார். 1792 முதல் 1799 வரை அலெக்சாந்தர் ரீடின் கீழ் பாராமகாலில் நிலவரிப் பணியாற்றினார். பின்னர் கன்னடப் பகுதியிலும், கடப்பை, பெல்லாரி முதலியவற்றை உள்ளடக்கிய விட்டுக்கொடுக்கப்பட்ட மாவட்டங்களிலும் பணிபுரிந்தார்.

பள்ளிக் கணக்கெடுப்பு

நிலத்தை அளந்து, விளைச்சலைக் கணித்து வரி விதித்துப் பழகியவர் மன்றோ. மக்களின் கல்வியைப் பற்றி அலுவலர்கள் ஊகத்தின் பேரில் எழுதி வந்ததை அவர் ஏற்கவில்லை. 1822 சூன் 25 அன்று எழுதிய குறிப்பில், ஒவ்வொரு மாவட்டத்திலும் உள்ள பள்ளிகள், உயர்கல்விக் கூடங்கள், அவற்றில் பயிலும் ஆண், பெண் பிள்ளைகள் ஆகியோரின் தொகையைத் திரட்டுமாறு பணித்தார். வருவாய் வாரியத்தின் வழியாக எல்லாக் கலெக்டர்களுக்கும் ஒரே படிவம் அனுப்பப்பட்டது. மாணவர்கள் பிராமணர், வைசியர், சூத்திரர், ஏனைய சாதியினர், முசுலிம்கள் எனப் பகுக்கப்பட்டனர். மாவட்ட மக்கள்தொகையும் கேட்கப்பட்டது. பள்ளிகளில் தலையிடுவது நோக்கமன்று என்பதையும் மன்றோ தெளிவுபடுத்தியிருந்தார். வரி வாங்கும் அலுவலரே பள்ளிக் கணக்கும் கேட்டால் ஊர்மக்கள் அஞ்சுவது இயல்பு என்பதால் இது தேவையாயிற்று எனலாம்.

விடைகள் வந்து சேர ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆயின. கன்னட மாவட்டம் கணக்கே அனுப்பவில்லை. பெல்லாரிக் கலெக்டர் கேம்பல் எண்களோடு நில்லாமல், பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவது முதலிய பயிற்றுமுறைகளையும் விரித்தெழுதினார்.

மதுரை மாவட்டத்தின் கணக்கு 1823 பெப்ரவரியில் அனுப்பப்பட்டது. அனுப்பியவர், மீனாட்சியம்மன் கோயிலுக்குத் தங்க அங்கவடிகள் அளித்தவராக இன்றும் பேசப்படும் ரௌஸ் பீட்டர். சோழவந்தான், திண்டுக்கல் முதலிய ஊர்களைக் கொண்ட அன்றைய மதுரை மாவட்டத்தில் 844 பள்ளிகள் இருந்தன. பயின்ற ஆண்பிள்ளைகள் 13,676 பேர். இவர்களுள் சூத்திரர் 7,247, ஏனைய சாதியினர் 2,977, பிராமணர் 1,186, முசுலிம்கள் 1,147, வைசியர் 1,119. பெண்பிள்ளைகள் 105 பேர் மட்டுமே. ஏழைப் பெற்றோர் மாதம் அரைப் பணம் முதல் ஒரு பணம் வரையும், சற்று வசதியுள்ளோர் மூன்று முதல் ஐந்து பணம் வரையும் ஆசிரியருக்குக் கொடுத்தனர்.

எண்களைப் படித்த முறை

மாகாணம் முழுவதும் 1,28,50,941 மக்களுக்கு 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவரும் இருப்பதாகத் தொகை வந்தது. இதைக் கொண்டு 67 பேருக்கு ஒருவரே கல்வி பெறுவதாக வாரியம் முடிவு கூறியது. 1826 மார்ச் 10 அன்று எழுதிய குறிப்பில் மன்றோ இம்முடிவைத் திருத்தினார். முதியோரையும் குழந்தைகளையும் சேர்த்து வகுப்பது பொருந்தாது என்பது அவர் வாதம். ஆண்களில் ஒன்பதில் ஒரு பங்கினரை ஐந்து முதல் பத்து வயதுக்குட்பட்டோர் எனக் கொண்டு, பள்ளி வயதுச் சிறுவர் ஏறத்தாழ 7,13,000 எனக் கணித்தார். பள்ளி சென்ற சிறுவர் 1,84,110 பேர், அதாவது நான்கில் ஒரு பங்கினர்.

வீட்டில் பயில்வோரைப் படிவம் கணக்கிடவில்லை என்பதையும் அவர் கவனித்தார். சென்னை நகரில் மட்டும் அவ்வாறு 26,963 பேர் பயில்வதாகக் கணக்கு வந்திருந்தது. அவ்வெண் மிகையாக இருக்கலாம் என ஐயுற்றபோதிலும், கல்வி பெறும் ஆண்களின் விகிதம் நான்கில் ஒன்றைவிட மூன்றில் ஒன்றுக்கே நெருக்கமானது என மதிப்பிட்டார். இங்கு இருவர் கையிலும் இருந்த தரவு ஒன்றே. எதனால் வகுப்பது என்பதில்தான் வேறுபாடு. பெண்கல்வி ஏறத்தாழ இல்லாதிருந்ததை இக்கணிப்பு ஒதுக்கிவிட்டது என்பதும் மறுக்க முடியாதது.

இவ்வறிக்கையின் அடிப்படையில் மாவட்டங்களிலும் தாசில்களிலும் அரசுப் பள்ளிகள் நிறுவ மன்றோ திட்டமிட்டார். ஆயினும் அடுத்த ஆண்டே பத்திகொண்டாவில் வாந்திபேதி கண்டு இறந்தார். தொடங்கப்பட்ட பள்ளிகளும் 1836 இல் கைவிடப்பட்டன.

பிற்கால விவாதம்

1931 அக்டோபரில் இலண்டனில் பேசிய காந்தி, ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தியாவின் எழுத்தறிவு குறைந்துவிட்டது என்றார். டாக்கா பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தர் பிலிப் ஆர்டாக் அதற்குச் சான்று கேட்டார். அவ்விவாதத்தில் மன்றோவின் எண்களும் ஆராயப்பட்டன. அவற்றின் நம்பகத்தன்மையை ஆர்டாக் ஏற்கவில்லை. கலெக்டர்களின் மூல அறிக்கைகளைத் தேடித் தொகுத்த தரம்பால், 1983 இல் அவற்றை ஆங்கில நூலாக வெளியிட்டார். மதுரையின் பட்டியலும் அதில் முழுமையாக இடம்பெற்றுள்ளது.